எட்டயபுரத்துச் சீதனம்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என்ற ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம், 1919 மார்ச்சில் பிறப்பு, பின்னாளில் வாழ்ந்ததெல்லாம் சென்னையில். அப்படிப்பட்ட டி.கே. பட்டம்மாளுக்குக் கோவில்பட்டி வட்டாரத்துச் சிறப்பு மலரில் என்ன இடம் என்று யாரும் கேட்கலாம். எட்டயபுரம் பெற்றெடுத்த சங்கீதமும் எட்டயபுரம் பெற்றெடுத்த கவிதையும் ஒரே தொண்டையில் குடியிருந்தன என்றால் அது அந்த அம்மாளின் தொண்டை. அவரை நம் வீட்டுப் பெண்ணாகக் கொண்டாட இந்த உறவே போதும் என்பது என் கட்சி.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். வானம் பார்த்த பூமி. அந்த வெடித்த கரிசலைப் பார்த்து மனம் இரங்கி முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பிகையைப் பாட, மழை கொட்டியது என்பது வழிவழியாகச் சொல்லி வரும் கதை. 1835 தீபாவளி நாளில் இங்கேயே மறைந்தார். அவர் சமாதி இன்றும் ஊரில் இருக்கிறது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சமஸ்தான வித்துவான். மேல்நாட்டு வயலினை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய முன்னோடி. அவர் தம் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்து வளர்த்தார். அந்தப் பிள்ளைதான் சுப்பராம தீட்சிதர். பரம்பரை அறுந்து போகாமல் காத்தது ஒரு மகளின் வயிறு. இசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சங்கீதப் பதிப்பாளர் ஏ.எம். சின்னசாமி முதலியார் விடாமல் வற்புறுத்தியதாலும் அரண்மனை ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் தம்மிடமிருந்த அத்தனையையும் சுரப்படுத்தி எழுதிக் கொடுத்தார். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலேயே, தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி போட்டு அச்சுக் கோத்த உழைப்பை நினைத்தால் இன்றைக்கும் மலைப்புத்தான். அதே 1904இல்தான் ஊரின் இன்னொரு பிள்ளை, சி. சுப்பிரமணிய பாரதி, அரண்மனை வேலையை விட்டு மதுரைக்கும் பிறகு சென்னைக்கும் போனார். 1906இல் சுப்பராம தீட்சிதர் காலமானபோது பாரதி அவருக்கு இரங்கற்பா எழுதினார். அந்த இருவரையும் ஒருசேரப் பார்த்த தெருக்கள் நம்முடையவை.

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் பிற்காலத்தில் சென்னை சென்று கீர்த்தனைகளைக் கற்றுக் கொடுத்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல். வெங்கடராம ஐயர். இன்னொருவர், பட்டா என்று வீட்டில் அழைக்கப்பட்ட அந்தக் காஞ்சிபுரத்துச் சிறுமி.

அந்தச் சிறுமி அங்கே வந்து சேர்ந்ததே பெரும்பாடு. தாயார் ராஜம்மாள் நன்றாகப் பாடுவார். ஆனால் உறவுக்காரர் முன்னால்கூட வாய் திறக்கக் கூடாது. ஆசாரம் அப்படி. மகளுக்கும் அதே கதி வந்திருக்கும். பள்ளி நாடகத்தில் பாடி நடித்த பிள்ளையின் அருமையைத் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் கண்டுகொண்டு, தகப்பனார் கிருஷ்ணசுவாமி தீட்சிதரிடம் எடுத்துச் சொல்ல, சென்னைக்கு வழி பிறந்தது. 1932இல் ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. பூட்டிய வாய்க்குள் இருந்த தாயின் சங்கீதம் மகள் வழியாக மேடை ஏறியது என்றே நான் அந்த ஆண்டை நினைக்கிறேன்.

பட்டம்மாள் தீட்சிதர் கீர்த்தனை எடுத்தால் அவசரம் இருக்காது. பல்லவி விளம்ப காலத்தில் அடி எடுத்து வைக்கும். குரல் கனமானது, கீழ் ஸ்தாயியிலும் தளராது. சரணத்தின் முடிவில் மத்யமகால சாகித்யம் வரும்; வடமொழிச் சொற்கள் நெருக்கி அடித்துக்கொண்டு இரட்டை வேகத்தில் ஓடும். அங்கேயும் ஓர் எழுத்து சிதையாது, தாளம் இம்மி பிசகாது. ராகம் தானம் பல்லவி என்றால் ஆண்களின் கோட்டை என்றிருந்த காலத்தில், காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் பல்லவிகளைச் சிறு வயதில் கேட்டு வளர்ந்த இவர் துணிந்து அதில் இறங்கினார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயரே நிலைத்தது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர் இவருக்கு மிருதங்கம் வாசித்தார்; பிறகு மணி ஐயரின் மகள் லலிதாவே இவருக்கு மருமகளாகவும் வந்தார்.

பாரதி பாட்டோ இன்னொரு வழியில், திரைப்படம் மூலம் வந்தது. திரைப்படத்தில் பக்தியும் தேசமும் அல்லாத பாட்டைப் பாட மாட்டேன் என்பதில் உறுதியாக நின்றவர் பட்டம்மாள். 1939இல் ‘தியாகபூமி’, 1947 தொடக்கத்தில் ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’. அந்தப் படத்தில், விடுதலை வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே வந்துவிட்டதாகப் பாரதி பாடிவைத்த பள்ளுப் பாட்டை இவர் பாட, குமாரி கமலா ஆட, சில மாதத்தில் நிஜமாகவே விடுதலை வந்தது. அந்த ஆகஸ்டில் வானொலியிலும் இவர் குரலில் பாரதி பாட்டு ஒலித்தது. மேடையில் தீட்சிதருக்குக் கொடுத்த அதே மரியாதையைப் பாரதிக்கும் கொடுத்தார். துக்கடா என்று அலட்சியமாகப் பாடியவரில்லை.

வீட்டில் அவர் நட்டதுதான் இன்னும் பெரிது. தம்பி டி.கே. ஜெயராமன் அக்காளிடம் பாடம் கேட்டு, அக்காளுடன் மேடையில் பாடி வளர்ந்தார். அக்காள் 1970இல் சங்கீத கலாநிதி, தம்பி 1990இல். ஜெயராமனின் மாணவர் விஜய் சிவா முதலியோர் வழியே அந்தப் பாடாந்தரம் வெளியேயும் பரவியது. மகன் சிவகுமார் மிருதங்கம். மருமகள் லலிதா மாமியாரிடமே கற்று, அவருக்குப் பின்பாட்டும் பாடினார். பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன், கொள்ளுப்பேத்தி லாவண்யா சுந்தரராமன் என்று அது தொடர்கிறது. பெண் பாடக் கூடாது என்றிருந்த குடும்பத்தில் பெண்களே பாட்டைக் கைமாற்றித் தரும் நிலை ஒரே ஆயுளில் வந்தது. 2009 ஜூலை 16 அன்று, 90 வயதில் அவர் மறைந்தார்.

விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனையைக் கேட்டுப் பழகிய காது நம் வட்டாரத்துக் காது. காருகுறிச்சி அருணாசலம் வந்து குடியேறிய ஊர் கோவில்பட்டி. அந்தப் பெருமையில் பட்டம்மாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளி நாளில் தீட்சிதர் சமாதியிலும், டிசம்பர் 11இல் பாரதி மணிமண்டபத்திலும், தூத்துக்குடி மாவட்ட அரசு இசைப்பள்ளி மாணவிகளைக் கொண்டு அவர் பாடாந்தரத்தில் ஒரு கீர்த்தனையும் ஒரு பாரதி பாட்டும் பாடவைக்கலாம். கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டுப் பெண் பிள்ளைகள் பாடினால் எனக்கு இன்னும் சந்தோஷம். வரும் ஆண்டே தொடங்கும்படி விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.