தாடையைக் காக்கவா, முகத்தை மறைக்கவா?

ஒரு பொருளை வாங்கினபடியே வைத்திருக்கிற பழக்கம் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் குறைவு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அரிதானபோது, குடாநாட்டின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். அந்தக் கைவேலையைப் பற்றிப் பெரியவர்கள் இன்றைக்கும் பெருமையாகக் கதைக்கிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான்.

அதே கை இப்போது ஹெல்மெட்டிலும் வேலை பார்க்கிறது. வெக்கை தாங்காமல் ஓட்டை போடுகிறோம். உள்ளே இறுக்கமாக இருந்தால் நுரையைச் சுரண்டுகிறோம். நாடிப்பட்டி அறுந்தால் முடிச்சுப் போடுகிறோம். சிலர் முகத்துக்கு முன்னால் வருகிற தாடைப்பகுதியையே வெட்டி எடுத்துவிட யோசிக்கிறார்கள். எஞ்சினில் செய்த வேலை பிழை என்றால் அது உடனே இருமும், புகை தள்ளும், நிற்கும், பிறகு திருத்தலாம். ஹெல்மெட்டில் செய்த வேலை பிழையா சரியா என்பது விழுந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு திருத்த நேரமில்லை.

ஹெல்மெட் எப்படி வந்தது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1935இல் இங்கிலாந்தில் ரி. ஈ. லோரன்ஸ், அதாவது 'அரேபியாவின் லோரன்ஸ்', மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹியூ கெயன்ஸ். இரண்டாம் உலகப் போரில் தகவல் கொண்டுபோன இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை அவர் ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமாக 1973 ஆனது.

அந்தக் காலத்து ஹெல்மெட்டுகள் உச்சந்தலையைத்தான் மூடின. முகமும் தாடையும் திறந்தே கிடந்தன. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் கம்பனி 'ஸ்டார்' என்ற முழுமுக ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. 1968இல் டான் கேர்னி அதைப் போட்டுக்கொண்டு கிராண்ட் பிரி கார்ப் பந்தயத்தில் ஓடினார். விபத்தில் ஹெல்மெட்டின் எந்த இடத்தில் அடி விழுகிறது என்று பிறகு ஜேர்மனியில் டீட்மார் ஒட்டே ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிகள் தாடைப் பகுதியில் விழுந்திருந்தன. அரைமுக ஹெல்மெட்டில் ஒன்றுமே இல்லாத இடம் அது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். தாடையைக் காக்கச் செய்த பொருள், இங்கே முகத்தை மறைக்கும் பொருளாகத்தான் பார்க்கப்பட்டது. அதற்கு எங்களிடம் காரணமும் இருக்கிறது. சுற்றிவளைப்பு நாட்களில் ஊர்ச் சனத்தை வரிசையாக நடக்கவிடுவார்கள். முன்னால் சாக்கால் முகம் மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையாட்டினால் ஒரு பிள்ளை பிடிபட்டுப் போகும். 'தலையாட்டி' என்ற சொல்லைக் கேட்டால் அம்மம்மாமாருக்கு இன்றைக்கும் முகம் மாறும். மோட்டார் சைக்கிளில் முகம் தெரியாமல் வந்து சுட்டுவிட்டுப் போனவர்களின் காலமும் இங்கே இருந்தது. மூடிய முகத்தைக் கண்டால் வருகிற பயம் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

2015இல் இலங்கைப் பொலிஸ், முழுமுக ஹெல்மெட்டுகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. முகத்தை மறைத்துக்கொண்டு கொள்ளையும் குற்றங்களும் நடக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். மோட்டார் சைக்கிளோட்டிகள் எதிர்த்தார்கள். விஷயம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தடையை நடைமுறைப்படுத்தாதபடி இடைக்கால உத்தரவு வந்தது. அந்த நாட்களின் தமிழ்ச் செய்திகளில் இது 'முகத்தை முழுமையாக மூடும் தலைக்கவசம்' என்றே வந்தது. பெயரிலேயே வழக்குப் பாதி தீர்ந்துவிடுகிறது. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டபோது, மூடிய முகம் பற்றிய சந்தேகம் இன்னொருமுறை சட்டமானது.

ஒரு பக்கம் வெக்கை, மறுபக்கம் 'கழட்டு' என்கிற குரல். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்கு வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வெட்டினால் என்ன நடக்கும்?

ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. உண்மையான வேலை உள்ளே இருக்கிற வெள்ளை நுரைக்கு, அதாவது றெஜிபோமுக்கு. அடி விழும்போது அது நசுங்கித் தலை நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. அந்தச் சில மில்லிசெக்கன்தான் மூளைக்குக் கிடைக்கிற அவகாசம். நுரையைச் சுரண்டினால் அந்த அவகாசம் குறையும். துளை போட்டால் ஓடு அந்த இடத்தில் வெடிக்கத் தொடங்கும். தாடைப்பகுதி ஓட்டோடு சேர்ந்து ஒரே வளையமாக நின்று பலம் தருவது. அதை வெட்டினால் அந்த ஹெல்மெட் அரைமுக ஹெல்மெட்டாக மாறாது, உடைந்த முழுமுக ஹெல்மெட்டாகத்தான் மாறும். தின்னர் கலந்த பெயின்ற் அடிப்பதும் ஆபத்து. பிளாஸ்டிக் ஓட்டை அது உள்ளுக்குள் பலவீனமாக்கும், வெளியே மினுமினுப்பாகவே இருக்கும்.

தாடைப்பகுதி கழற்றக்கூடிய ஹெல்மெட் உலகத்தில் இல்லாமல் இல்லை. மலைச் சரிவில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்காக அப்படிச் செய்கிறார்கள்: ஏறும்போது கழற்றலாம், இறங்கும்போது பூட்டலாம். எங்கே பிரிய வேண்டும் என்பதை வரைந்து, செய்து, சோதித்த பிறகுதான் விற்கிறார்கள். ஆனால் அது சைக்கிளுக்கான சோதனை. பார்க்கப் பெரிய மோட்டார் பந்தய ஹெல்மெட் மாதிரி இருக்கிறது என்று அதைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் பிழை. மோட்டார் சைக்கிளுக்கு முன்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் வகை இருக்கிறது. ஐரோப்பியத் தரக்குறியில் 'பி' என்ற எழுத்து இருந்தால் தாடைப்பகுதியும் சோதிக்கப்பட்டது. 'ஜே' என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 'பி/ஜே' என்றால் திறந்தும் மூடியும் ஓடலாம். முகம் காட்ட வேண்டிய இடங்கள் நிறைந்த எங்கள் ஊருக்குப் பொருத்தமானது அந்தத் தூக்கித் திறக்கும் வகைதான்.

மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உள்துணியைக் கழற்றித் தோய்க்கலாம். அதே கம்பனியின் கண்ணாடியை மாற்றலாம். ஆனால் கறுப்புக் கண்ணாடியோடு இரவில் ஓட வேண்டாம். பட்டி அறுந்தால், ஒருமுறை விழுந்து அடிபட்டால், ஹெல்மெட்டையே மாற்றுங்கோ. நசுங்கின நுரை திரும்ப எழும்பாது.

வங்கி வாசலிலும் பொலிஸ் மறிக்கிற இடத்திலும் முகத்தைக் காட்டச் சொல்வது நியாயம். கண்ணாடியைத் தூக்கலாம், தேவை என்றால் ஹெல்மெட்டைக் கழற்றலாம். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க எல்லாருடைய தாடையையும் திறந்து விடச் சொல்கிற சட்டத்தை 2015இல் கேள்வி கேட்டது சரிதான். வாளைக் கையில் எடுத்து நாங்களே அந்தச் சட்டத்தை எங்கள் ஹெல்மெட்டில் நிறைவேற்றத் தேவையில்லை.