முன்பணமும் உரிமைத் தொகையும்: செங்கற்பட்டு வட்டாரத்தில் ரொக்க உதவியின் வரலாறு (1877–2023)

வறுமையில் வாடும் குடும்பத்துக்கு நிபந்தனையின்றிப் பணம் கொடுத்தால் அதன் வாழ்க்கை மாறுமா? பொருளியலாளர்கள் இதைக் களத்தில் சோதிக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஆனால் தாம்பரம், வண்டலூர், திருப்போரூர் ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், தாது வருடப் பஞ்சத்தின்போதே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. வேலை செய்தால்தான் காசு என்ற விதி முதலில் இருந்தது. ஆதரவற்றவர் என்று மெய்ப்பித்தால் காசு என்ற விதி பின்னர் வந்தது. குடும்பத்தலைவியாக இருந்தாலே காசு என்ற நிலைக்கு அரசு வந்துசேர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இந்த வரலாற்றைக் கடனின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அது விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். இவ்வட்டாரத்து ஏழைக் குடும்பத்தைக் கட்டிப்போட்டிருந்தது வருமானக் குறைவு மட்டுமன்று. அவசரத்துக்குக் கைநீட்டி வாங்கிய பணமும் அதைக் கட்டிப்போட்டிருந்தது.

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாண அரசின் நிவாரணம் பெரும்பாலும் கூலி வேலையாகவே அமைந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். பட்டினி கிடந்த உடம்பு இந்தப் படியை வைத்துக்கொண்டு மண் சுமக்க முடியாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். உழைக்கத் திராணியற்றவர்களுக்கு முகாமில் கஞ்சியும், பிற்பாடு ஊரிலேயே காசும் கொடுக்கப்பட்டன.

அதே பஞ்சத்தில் வேறொரு பணமும் வந்தது. வரலாற்று நூல்கள் அதற்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் தருவதில்லை. 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சென்ற வேண்டுகோளை ஏற்று, இலண்டன் மேயர் மான்ஷன் ஹவுஸ் நிதியைத் திரட்டினார். சென்னையில் அதை நிர்வகித்த குழுவின் கௌரவச் செயலாளர் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டிக்பி. உயிரைக் காப்பது அரசின் கடமை என்பதால், அழிந்த குடித்தனத்தை மறுபடி நிமிர்த்த இந்த நிதியைச் செலவிடலாம் என்று குழு முடிவு செய்தது. விதை நெல்லுக்கும், மாட்டுக்கும், கூரை வேய்வதற்கும், துணிமணிக்கும் உதவி போயிற்று. அரசின் தக்காவிக் கடனை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மழை பெய்த பிறகும் விதையும் மாடும் இல்லாத குடும்பம் மிராசுதாரிடமோ வட்டிக்காரரிடமோதான் போய் நிற்க வேண்டும் என்பதை அக்குழு கண்டுகொண்டிருந்தது. இம்மண்ணில் நிபந்தனை குறைந்த ரொக்க உதவியின் முதல் பெரிய முயற்சி என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் நிதி தீர்ந்ததும் அந்த எண்ணமும் மறைந்தது. 1880-ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தைத் தொடர்ந்து வந்த பஞ்ச விதித்தொகுப்புகள் உழைப்புச் சோதனையையே அடித்தளமாக்கிக்கொண்டன.

மிராசுதாரின் வாசலில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் 1891-ஆம் ஆண்டு அறிக்கை சான்று. கல்யாணம் போன்ற செலவுக்கு வாங்கிய சிறு கடனுக்காகப் பறையர் சமூகத்து ஆண்கள் படியாளாக ஒரே மிராசுதாரிடம் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்ததை அவர் பதிவு செய்தார். குடியிருந்த மனைக்கட்டும் மிராசுதாரின் பிடியில் இருந்ததால் வெளியேற வழியில்லை. அந்த அறிக்கையின் விளைவாக 1892-இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி செய்தது. அன்றைய அரசு நிலத்தைக் கொடுக்க முன்வந்தது. ஆனால் படியாள் முறையின் உயிர்நாடியாக இருந்த கைமாற்றுக்கு மாற்று எதையும் அது வைக்கவில்லை.

மாதாமாதம் பணம் என்ற ஏற்பாடு காமராசர் ஆட்சியில் வந்தது. 1962-இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தின் தொகை மாதம் 20 ரூபாய். மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள், வேளாண் தொழிலாளர், கணவரால் கைவிடப்பட்டோர் என்று 1970-களிலும் 80-களிலும் அது கிளை விரித்தது. அடிப்படை விதி மட்டும் மாறவில்லை: விண்ணப்பிப்பவர் ஆதரவற்றவராக இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, தாசில்தாரின் ஒப்புதல், ஜமாபந்தியில் கொடுத்த மனு என்று அலைந்த கிழவிக்கு, பிழைக்க வக்கில்லாத மகன் ஒருவன் இருப்பதே தடையாக முடிந்த ஊர்கள் உண்டு. பணம் நெடுங்காலம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் கையிலிருந்து நோட்டு மாறும்போதே பத்தோ இருபதோ குறைந்துவிடுவது ஊரறிந்த வழக்கம். தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் 80 வயதுக்கு உட்பட்ட முதியவருக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய்தான். அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும். இது வெட்கத்துக்குரிய தேக்கம்.

1987-இல் 300 ரூபாயோடு தொடங்கி, 2018-இல் 18,000 ரூபாய்க்கு வளர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வேறு வகை. பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று படிப்படியாகத் தவணை பிரியும் நிபந்தனைத் தொகை அது. இங்கு அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இதற்கிடையில் ஊரே மாறிக்கொண்டிருந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மண்ணிவாக்கம் நிலங்கள் மனைப்பிரிவுகளாயின. 1984-இல் வந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் தாம்பரத்தின் பெண்களுக்குத் தொழிற்சாலை வேலை கொடுத்தது. கழனி வேலை செய்த குடும்பங்கள் சித்தாள் வேலைக்கும், அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கும் போயின. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது அதில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்தன. இப்படி நகரமாகும் ஊர்களில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு இடமில்லை. படியாள் முறை மறைந்த இடத்தில் தண்டல்காரர் வந்தார்; பிறகு குழுக்கடன் வந்தது. இன்னும் உள்ளே, செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போகும் இருளர் குடும்பங்களிடையே முன்பணம் பழைய உருவிலேயே தொடர்ந்தது.

தண்டல் கணக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 10,000 ரூபாய் என்று பேசி 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழையில் வேலை நின்றாலும் சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்துவிடும். பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியிருந்தால், மாத வட்டியே 1,000 ரூபாய். அண்ணா பிறந்த காஞ்சிபுரத்தில், அவர் பிறந்தநாளான 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய, குடும்பத்தலைவிகளுக்கான கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் அதே 1,000 ரூபாய்தான். ஒரு குடும்பத்துக்கு இந்தத் தொகை என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதை இந்த ஒற்றைக் கணக்கு காட்டிவிடுகிறது. ஒரு பத்து வட்டிக் கடனின் வட்டியை அது முழுதாக ஏற்கும், அசலைத் தொடாது. ஆனால் மாதம் பிறந்தால் வரும் என்ற உறுதியோடு 1,000 ரூபாய் இருக்கும்போது, மருந்துக்கும் சிலிண்டருக்கும் புதிதாகக் கைநீட்ட வேண்டிய தடவைகள் குறைகின்றன. நாள் தவறாமல் வருவதே இத்தொகையின் வலிமை என்று கருதுகிறேன்.

இத்திட்டத்துக்கு 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள், முதலில் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்கு மேல், சொந்தக் கார் என்றால் விலக்கு. பணம் கையில் வந்தபின் எதற்குச் செலவிட்டாய் என்ற கேள்வி கிடையாது. வேலை செய்யத் தேவையில்லை, ஆதரவற்றவள் என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை. கணக்குச் சரிதானா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார்கள். முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதத்தைப் பிடித்துக்கொள்ள, அப்படிச் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரித்தார். அன்று தபால்காரர் கையில் குறைந்த பணம் இப்போது வங்கிக் கணினியில் குறைந்தது.

மொத்தமாக வரும் பணம் செய்யும் வேலை வேறு. 2015 டிசம்பர் 1 தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், மற்றக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் என்று அறிவித்த அரசு, வீடுவீடாகக் கணக்கெடுத்து வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் முழுமைக்கும் 6,000 ரூபாய் டோக்கன் முறையில் ரேஷன் கடையில் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டது. வேளச்சேரியில் டிசம்பர் 17 அன்று விநியோகம் தொடங்கியது. வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று அளக்காமல் வட்டம் முழுமைக்கும் கொடுத்தது சரியான முடிவு. அளந்துகொண்டிருக்கும் நாட்களில்தான் தண்டல்காரரிடம் போக நேர்கிறது.

கென்யாவின் ரரியேடா பகுதியில் ஹௌஷோஃபரும் ஷபீரோவும் ரொக்க உதவி பற்றிச் செய்த ஆய்விலும் மாதத் தொகைக்கும் மொத்தத் தொகைக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரிகிறது. மாதாமாதம் பெற்ற குடும்பங்களில் உணவு நிலை கூடுதலாக மேம்பட்டது. மொத்தமாகப் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நிலையான பொருள்களில் போட்டார்கள். குடிக்கும் புகைக்கும் செலவு கூடவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமானது மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு 2011-இல் தொடங்கிய சோதனை. பெரியவர்களுக்கு மாதம் 200, குழந்தைகளுக்கு 100 என்று தொடங்கி, பிறகு 300, 150 என உயர்த்தினார்கள். கூலி வேலையிலிருந்து சொந்த நிலத்துக்கும் ஆடு கோழிக்கும் குடும்பங்கள் நகர்ந்தன. கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டிருந்தோர் சிலர் அதைத் தீர்த்து வெளியே வந்தார்கள். டிரெமன்ஹீர் கண்ட படியாளின் கதைக்கு இது நூற்றிருபது ஆண்டு பிந்திய மறுபக்கம்.

இருந்தும் தமிழ்நாட்டில் ரொக்கம் பயன்படுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். அரிசிக்குப் பதிலாகக் காசு என்று 2015-இல் மாறிய புதுச்சேரியில், ரேஷன் கடையைத் திற என்ற குரல் ஓயவே இல்லை. 2024-இல் கடைகள் மறுபடி திறந்தன. உலை அரிசிக்கு உறுதி இருக்கும் வீட்டில்தான் 1,000 ரூபாய் கடனுக்கு எதிராக நிற்க முடியும்.

எல்லாவற்றிலும் பின்தங்கி நிற்பது, முன்பணத்தால் நேரடியாகப் பிணைக்கப்பட்ட குடும்பங்களுக்கான உதவிதான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. மீட்கப்பட்டவருக்கான மறுவாழ்வுத் தொகை 2016-இல் ஒன்று முதல் மூன்று லட்சம் வரை உயர்த்தப்பட்டது. உடனடி உதவி பின்னர் 30,000 ரூபாய் ஆனது. ஆனால் முழுத் தொகையும் கைக்கு வருவது, கொத்தடிமை முறை நடந்ததாக வழக்கில் மெய்ப்பிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டுள்ளது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும் என்று விதி கேட்பதில்லை. சூளையிலிருந்து மீண்டு வரும் இருளர் குடும்பத்துக்கு அடுத்த முன்பணத்தோடு தரகர் வர ஒரு பருவம் போதும். உரிமைத் தொகையில் உழைப்புச் சோதனையையும் ஆதரவின்மைச் சோதனையையும் கைவிட்ட அரசு, வழக்கு முடிவை மறுவாழ்வுத் தொகையிலிருந்து பிரித்து, விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.