காற்பந்துச் சட்டையில் எழுத்து: எப்போது அது குற்றமாகிறது?

லிவர்பூல் குழுவின் சட்டை வைத்திருப்பவர்கள் அதன் பின்கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு தீச்சுடர்களுக்கு நடுவே 97 என்ற எண்ணைக் காணலாம். 2022-23 பருவத்துச் சட்டையிலிருந்து அது அப்படித்தான் வருகிறது. அதற்கு முன் அங்கே 96 இருந்தது. எந்த ஆட்டக்காரருடைய எண்ணும் அல்ல அது. 1989 ஏப்ரல் 15ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில் நடந்த எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி ஆட்டத்தின்போது நெரிசலில் சிக்கி மாண்ட லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை அது. அன்று கடுமையாகப் பாதிக்கப்பட்டு 32 ஆண்டுகள் பராமரிப்பில் வாழ்ந்த ஒருவர் 2021 ஜூலையில் இறந்தபோது 96 என்பது 97 ஆனது.

அதே எண்தான் 2023 ஜூன் 3ஆம் தேதி ஒரு ரசிகரை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. அன்று லண்டன் வெம்ப்லி அரங்கில் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் மோதின. சிட்டி 2-1 என்று வென்றது. யுனைடெட் சட்டை அணிந்து வந்திருந்த 33 வயது ஆடவரின் முதுகில் 97 என்ற எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'போதாது' என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். 97 பேர் செத்தது போதாது என்பதுதான் அதன் அர்த்தம் என்பதைக் காற்பந்து தெரிந்த எவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள். படம் சில நிமிடங்களில் உலகம் சுற்றியது. அவர் அரங்கிலேயே கைது செய்யப்பட்டார்.

போலீசாரிடம் அவர் சொன்ன விளக்கம் வேறு. தம் தாத்தா 97 வயதில் இறந்தார், அவருக்குப் பிள்ளைகள் போதவில்லை, அதைத்தான் எழுதினேன் என்றாராம். இந்தக் கதை நிற்கவில்லை. ஜூன் 19ஆம் தேதி லண்டன் வில்ஸ்டன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறருக்கு மன உளைச்சல் தரக்கூடிய மிரட்டலான அல்லது இழிவான எழுத்தைக் காட்டியது என்பது குற்றச்சாட்டு. 1,000 பவுண்டு அபராதமும் நான்கு ஆண்டுகளுக்குக் காற்பந்து அரங்குகளில் நுழையத் தடையும் விதிக்கப்பட்டன.

அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். தடைதான் உண்மையான தண்டனை. இங்கிலாந்தில் இத்தடை உத்தரவு பெற்றவர் உள்நாட்டு ஆட்டங்களுக்குப் போக முடியாது. தேசியக் குழுவோ உள்நாட்டுக் கிளப்புகளோ வெளிநாட்டில் ஆடும் காலத்தில் கடப்பிதழைப் போலீசிடம் ஒப்படைக்கவும் வேண்டியிருக்கும். மீறினால் சிறை.

அந்த இரண்டு சொற்கள் ஏன் அவ்வளவு சுட்டன என்பதற்கு ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அழுதுகொண்டிருந்தபோதே, குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் தரப்பு கதை கட்டியது. தி சன் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் உண்மை என்றே தலைப்பிட்டு வெளியிட்டது. லிவர்பூல் நகரில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைத் தொடுவதில்லை. 27 ஆண்டுகள் போராடிய பிறகு, 2016 ஏப்ரலில்தான் மரண விசாரணை ஜூரி அவை சட்டவிரோதக் கொலைகள் என்றும், ரசிகர்கள்மீது தவறில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. கூலிக்காரன் பேச்சை யார் நம்புவார்கள் என்று கேட்டுப் பழகிய தோட்டத்து மக்களுக்கு அந்தக் குடும்பங்களின் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கேலி ஒரு தரப்பின் பழக்கம் மட்டுமல்ல. 1958 பிப்ரவரி 6ஆம் தேதி மியூனிக் விமான விபத்தில் யுனைடெட்டின் 8 ஆட்டக்காரர்கள் உட்பட 23 பேர் மாண்டார்கள். அதை வைத்து எதிரணி ரசிகர்கள் பாட்டுக் கட்டியதும் உண்டு. வெம்ப்லி சம்பவத்துக்குப் பிறகு, இத்தகைய துயரங்களை வைத்துக் கேலி செய்வோர்மீது வழக்குத் தொடுப்பது குறித்து இங்கிலாந்தின் அரசு வழக்குத் தொடுப்புத் துறை 2023இல் தெளிவான வழிகாட்டியையும் வெளியிட்டது.

எல்லா நாட்டு நீதிமன்றங்களும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. போலீஸ்காரர்கள் அனைவரையும் திட்டும் ஓர் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள் ஏ.சி.ஏ.பி. ஐரோப்பிய அரங்குகளில் அதைப் பார்க்காத நாளில்லை. ஜெர்மனியில் ஒருவர் அதைத் தம் காற்சட்டையில் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு வந்தார். வேறோர் ஆட்டத்தில் மற்றொருவர் அந்த எழுத்துகளைத் தூக்கிப் பிடித்தார். கீழ் நீதிமன்றங்கள் இருவரையும் அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டித்தன. 2016 மே 17ஆம் தேதி ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு தண்டனைகளையும் ரத்து செய்தது. பொதுவாகப் போலீஸ் என்ற பெருங்கூட்டத்தைத் திட்டுவது ஒன்று, எதிரே நிற்கும் இந்தப் போலீஸ்காரரைத் திட்டுவது வேறொன்று என்றது நீதிமன்றம். அடையாளம் காணக்கூடிய சிலரைக் குறிவைத்ததாகக் காட்டினால்தான் அங்கே அது தண்டனைக்குரியது. 97 விவகாரத்தில் அந்த மாதிரி வாதத்துக்கு இடமே இல்லை. இறந்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சட்டை எழுத்து விவகாரம் பேராக்கிற்கும் புதிதல்ல. 2010 ஜூலையில், உலகக் கிண்ணக் காய்ச்சல் அடங்கிய கையோடு, மான்செஸ்டர் யுனைடெட் சின்னத்தில் பிசாசின் உருவம் இருப்பதால் முஸ்லிம்கள் அச்சட்டையை அணியக்கூடாது என்று ஜொகூர் சமய அதிகாரி ஒருவர் சொன்னார். அப்போதைய பேராக் முஃப்தி ஹருஸானி ஜகாரியாவும் அதை ஆமோதித்தார். சிலுவை அடையாளம் கொண்ட சில நாட்டு, கிளப் சட்டைகளும் அந்தப் பேச்சில் அடிபட்டன. அது சமயக் கருத்து, முஸ்லிம்களுக்குச் சொல்லப்பட்டது. அரசாங்கத் தடையாக அது வரவில்லை. ஆனால் அந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, 'யுனைடெட் ஜெர்சி போட்டால் பிடிப்பார்களாம்' என்று நம்பியவர்களும் உண்டு.

உண்மையான அரசாங்கத் தடைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 2015ஐப் பார்க்க வேண்டும். பெர்சே 4 பேரணிக்கு இரண்டு நாள் முன்பாக, ஆகஸ்டு 27ஆம் தேதி, 'பெர்சே 4' என்ற வாசகம் கொண்ட மஞ்சள் சட்டைகளை உள்துறை அமைச்சு தடை செய்தது. பயன்படுத்திய சட்டம் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் என்று பலர் நினைத்திருந்த சட்டம் துணிக்கும் பாய்ந்தது. 2023 ஆகஸ்டில் வானவில் நிற ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைத் தடை செய்ததும் இதே சட்டத்தின்கீழ்தான். அந்தத் தடை வரும் முன்பே, மே மாதத்தில், கடைகளில் 172 கடிகாரங்கள் பறிமுதல் செய்யப்பட்டிருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தடை செய்யப்படாத பொருளை, அதுவும் வாரண்ட் இல்லாமல், முன்கூட்டியே அள்ளிச் செல்ல முடியாது.

தனித்தடை எதுவும் இல்லாத சட்டைக்கும் சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 298ஆம் பிரிவு பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதை மட்டும் குறிப்பிடவில்லை. ஒரு பொருளை அவர் கண்ணில் படும்படி வைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஒருவரின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கத்தோடு சொல்வது, சைகை காட்டுவது, பொருளைக் காட்டுவது ஆகியவை 509ஆம் பிரிவில் வரும். அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பெண்களைக் கொச்சைப்படுத்தும் வாசகத்தை நகைச்சுவை என்று முதுகில் போட்டுக்கொள்வோர் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. சண்டைக்கு இழுக்கும் வேண்டுமென்ற அவமதிப்புக்கு 504, இனங்களுக்கிடையே தூண்டிவிடுவதற்கு 505. எல்லாவற்றுக்கும் கீழே, 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவு இருக்கிறது. அதில் அதிகபட்ச அபராதம் 100 ரிங்கிட்தான்.

இவை அனைத்தையும்விடப் பேராக் தமிழ் இளைஞர்களுக்கு நெருக்கமான ஆபத்து எழுத்தில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

2013 ஆகஸ்டு மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகள் என்று பெயர் சொல்லி அறிவித்தது. பட்டியலில் 04, 08, 24, 36 என்று எண்களே பெயராக இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர்கள் என்ற தகவலும் அப்போது வந்து சமூகத்தைத் தலைகுனிய வைத்தது. கும்பல் பெயரையும் சின்னத்தையும் வெளிப்படையாகக் காட்டுவோர்மீது நடவடிக்கை பாயும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. இறுதி ஊர்வலங்களில் எண் பொறித்த சட்டையும் கொடியுமாக வந்த கூட்டங்களை நாடே பார்த்திருந்த நேரம் அது. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி சட்டவிரோத அமைப்பில் உறுப்பினராக இருந்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். அத்தகைய அமைப்புக்காக எழுத்தையோ படத்தையோ அச்சிடுவது, காட்டுவது, விற்பது, வைத்திருப்பது தனிக் குற்றம். ஆகவே துணியில் அச்சடித்துக் கொடுத்த கடைக்காரரும் தப்ப முடியாது.

இது காற்பந்துக்கு எங்கே வருகிறது? சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. பழைய தோட்டத்துப் பெயரைப் பலருக்கு இன்று நினைவூட்டுவது காற்பந்துக் குழுதான். தீபாவளியையொட்டி ஒரு போட்டி, பள்ளி விடுமுறையில் ஏழு பேர் ஆட்டம் என்று ஒன்று வந்தால் குழுவே கூடி ஜெர்சி அடிக்கிறது. முன்னால் தோட்டத்தின் பெயர், பின்னால் செல்லப்பெயர், கீழே எண். எட்டாம் எண் நடுத்திடல் ஆட்டக்காரருடையது. அதை அணிவது எந்தக் காலத்திலும் குற்றமில்லை. ஆனால் பதினோரு பேரும் முன்பக்கத்தில் ஒரே 08ஐப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கும்பலின் சின்னத்தையும் வைத்தால், அதைக் குழுவின் பெயர் என்று எந்தப் போலீஸ்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார். வெம்ப்லியில் தாத்தாவின் வயது எடுபடாததைப் போலவே இங்கும் 'அதிர்ஷ்ட எண்' எடுபடாது. எழுதியவர் மனத்தில் வைத்திருந்ததாகச் சொல்லும் பொருள் ஒருபுறம் இருக்க, பார்த்தவர்கள் என்ன புரிந்துகொள்வார்கள் என்பதையும் சூழலையும் சேர்த்துத்தான் வழக்கு நடக்கும்.

சட்டை மட்டுமே ஒருவரைக் கும்பல் உறுப்பினராக்கிவிடாது. ஆனால் சந்தேகத்துக்கு அது முதல் வாசல். தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவு, திட்டமிட்ட குற்றக் கும்பலின் உறுப்பினருக்கு ஐந்து முதல் இருபது ஆண்டு வரை சிறை என்கிறது. அந்த வழக்கில் சொஸ்மா சட்டம் பாய்ந்தால் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். சொஸ்மாவில் பிள்ளை உள்ளே போன குடும்பங்கள் சிறை வாசலில் நின்ற காட்சிகளை நம் சமூகம் மறந்திருக்காது. ஒரு ஜெர்சிக்காக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் நிலை எவருக்கும் வேண்டாம்.

படம் பிடித்துப் போடுவதும் தனிக் கணக்கு. திடலில் நூறு பேர் பார்த்த சட்டை டிக்டாக்கில் பத்தாயிரம் பேர் பார்க்கும் சட்டையாகிறது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது. 2025 பிப்ரவரி 11ஆம் தேதி முதல் அது 500,000 ரிங்கிட். சிறைத் தண்டனையும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகியிருக்கிறது. சட்டை அணிந்தவர் ஒருவர், படத்தைப் பதிவிட்டவர் இன்னொருவர் என்றால் சிக்கல் இருவருக்கும்தான்.

யாராவது பிடிபட்டுவிட்டால் குடும்பத்தார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கைது செய்யப்படுபவருக்கு என்ன காரணம் என்று சொல்லப்பட வேண்டும். உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சாதாரண வழக்கில் 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. பதினான்கு ஆண்டுக்குக் குறைவான தண்டனை கொண்ட குற்றங்களில் தடுப்புக்காவல் முதல் முறை நான்கு நாள் வரை, இரண்டாம் முறை மூன்று நாள் வரைதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத மலேசியருக்கு ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசியச் சட்ட உதவி அறவாரியம் கைது, தடுப்புக்காவல் கட்டத்திலேயே வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. அச்சட்டையைக் கொளுத்திவிடலாம், கைப்பேசிப் படத்தை அழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். சான்றை மறைத்தது என்று இன்னொரு குற்றச்சாட்டு சேர்ந்துகொள்ளும்.