முத்துக்குளித்துறைப் பள்ளிகளில் கணினிக் கல்வி

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை வடக்கே வேம்பார் தொடங்கித் தெற்கே பெரியதாழை வரை நீள்கிறது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி நகரம் வளர்ந்தாலும், திரேஸ்புரம், தருவைகுளம், புன்னைக்காயல் போன்ற ஊர்களில் அடுப்பெரிவது கடலை நம்பித்தான். முள்ளக்காடு, ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளக் கூலி. இந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் கணினியை முதன்முதலில் தொட்டுப் பார்ப்பது பள்ளிக்கூடத்தில்தான்.

இக்கரையின் கல்வி பெரும்பாலும் திருச்சபைகளின் வழி வளர்ந்தது. தமிழ் அச்சும் இங்கே முன்னதாகவே வந்தது. என்றிக்கே என்றீக்கசு பாதிரியாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் இக்கடற்கரையில்தான் அச்சேறியது; அவருடைய தமிழ் நூல்களின் அச்சுச் செலவுக்குப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தனர். இன்றும் புனித சவேரியார், கால்டுவெல் உள்ளிட்ட பெயர்பெற்ற மேல்நிலைப் பள்ளிகள் பலவும் அரசு உதவிபெறும் பள்ளிகளே. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்ற வேறுபாடு கணினிக் கல்வியின் போக்கை வெகுவாகத் தீர்மானித்துவிட்டது.

இந்தியப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி, மத்திய அரசு 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம். சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பரவியது 1999இல் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக ஒப்பந்த ஆசிரியர்கள் அமர்த்தப்பட்ட பிறகுதான். அவர்களைப் பணிவரன்முறை செய்வதற்கான சிறப்புத் தேர்வு 2008இல் நடந்தது. 814 கணினி பயிற்றுநர் பணியிடங்களுக்கான தேர்வு 2019இல் வந்தது. இயந்திரம் ஒரே டெண்டரில் வந்துவிடுகிறது. அதைச் சொல்லிக்கொடுப்பவரின் வேலை உறுதியாக ஆண்டுக்கணக்கில் ஆகிறது. இத்துறையின் பெரிய குறை இதுவே.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் சிறப்பு, அது உதவிபெறும் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டதுதான். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஒரு மீனவக் குடும்பத்தின் சொந்த உடைமையாக ஒரு கணினி வீட்டுக்குள் வந்தது, அக்காவுக்குக் கிடைத்ததில் தம்பியும் படித்தான். கொரோனா ஊரடங்குக் காலத்தில், 2020 ஜூலையில், பன்னிரண்டாம் வகுப்புப் பாடக் காணொளிகளைப் பள்ளி ஆய்வகத்திலிருந்து இந்த மடிக்கணினிகளில் ஏற்றித் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. இணைய வசதியில்லாத வீட்டுக்கு அது பேருதவி.

அதற்கு முன்பே, 2019 முதல், 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் அமைக்கும் பணி தொடங்கியிருந்தது. ஆனால் இத்திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. பக்கத்துத் தெருவிலுள்ள உதவிபெறும் பள்ளியில், அதே மீனவர் வீட்டுப் பிள்ளை கணினி அறிவியல் படிக்கப் பல இடங்களில் சுயநிதிப் பிரிவில்தான் சேர வேண்டியிருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கேட்கும் காலமோ ஜூன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; படகுக் கூலிக்குப் போகும் வீட்டில் இரண்டு மாதம் பாடு கிடையாது. மதிப்பெண் இருந்தும் பிள்ளை வேறு பிரிவுக்குப் போக இது போதும்.

பராமரிப்பிலும் இக்கரைக்கென்று தனிச் சிக்கல் உண்டு. உப்புக்காற்றின் ஈரம் கணினிப் பெட்டிக்குள் புகுந்து செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு படியச் செய்யும், திருகுகள் துருவேறும். கோடை விடுமுறையில் அறை பூட்டிக் கிடந்தால் நிலைமை மோசம். ஜூனில் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை வராது. அப்போது நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் ஓரத்துத் தகடுகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூசு தட்டி, மறுபடி செருகிப் பார்ப்பார்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை கணினியை ஓடவிட்டால், உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். இதற்குப் பெரும் செலவில்லை. சாவியும் பொறுப்பும் ஒருவரிடம் இருந்தால் போதும். திட்ட மதிப்பீடுகளில் இந்தப் பொறுப்புக்கு ஊதியம் சேர்க்கப்பட வேண்டும்.

பாடத்திட்டம் இப்போது காலத்தோடு ஒட்டியது. 2019-20 முதல் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் இடம்பெற்றது, தமிழ்வழிப் பாடநூலும் உண்டு. ஆனால் அதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பெரு நாடு சான்று. அங்கே பிள்ளைக்கொரு மடிக்கணினி என வழங்கிய பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை.

தூத்துக்குடியில் மினி டைடல் பூங்கா 2024 டிசம்பர் 29 அன்று திறக்கப்பட்டது. உள்ளூரிலேயே கணினி வேலை என்ற வாய்ப்பு கடலோரப் பிள்ளைகளுக்கு அருகில் வந்தது. மறுநாள் அதே நகரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கணினி ஆய்வகத்துக்கும் கணினி ஆசிரியர் பணியிடத்துக்கும் இதே விரிவாக்கம் இக்கடற்கரைக்குத் தேவை.