பாசிக்கும் நோய் வரும்

நடவு முடிந்த நாள்களில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல் வரப்பில் நின்று, தேங்கிய நீரைப் பாருங்கள். நாற்றுகளுக்கிடையே பாசி படர்ந்திருக்கும். அது வெறும் அழுக்கு அன்று. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெல்வயலுக்குத் தழைச்சத்து சேர்ப்பவை நீலப்பச்சைப் பாசிகளே என்பதை 1939-இல் பி. கே. தே என்ற நம் நாட்டு அறிஞர் ஆய்ந்து காட்டினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆர். என். சிங் 1961-இல் இதுபற்றி ஒரு நூலே எழுதினார்.

உரம் தரும் இப்பாசிக்கு நோய் வருமா? வரும். 1963-இல் அமெரிக்காவில் சாஃபர்மன், மாரிஸ் இருவரும், நீலப்பச்சைப் பாசியை அழிக்கும் வைரசு ஒன்றைக் கழிவுநீர்க் குட்டையிலிருந்து பிரித்தெடுத்தனர். இத்தகைய வைரசுகள் இந்தியாவிலும் உண்டு என்று 1967-இல் ஆர். என். சிங்கும் பி. கே. சிங்கும் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர்.

பாசி ஒளியால் வாழ்வது. அதன் நோய்க்கும் ஒளிக்கும் தொடர்பு உண்டா? இயற்பியல் கற்பிக்கும் என்னை ஈர்த்த கேள்வி இதுதான். நன்னீர்ப் பாசி ஒன்றின்மீது அதன் வைரசு ஒட்டிக்கொள்வதற்கு ஒளி துணைசெய்கிறது என்று 1979-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் ஏரிப் பாசியான ஆஸ்டெரியோனெல்லாவை ஒருவகை நுண்பூஞ்சை தாக்குகிறது. அப்பூஞ்சையின் நீந்தும் வித்துகள், இருட்டில் வைத்த பாசியைத் தொற்றவில்லை என்று 1981-இல் ஹில்டா கேன்டரும் ஜாவோர்ஸ்கியும் எழுதினர். ஒளியில் உணவு தயாரிக்கும் பாசி வெளிவிடும் பொருள்களே வித்துகளுக்கு வழிகாட்டுகின்றன போலும்!

உள்ளே புகுந்த வைரசுக்கும் ஆற்றல் வேண்டுமே. ஒளியை வாங்கும் உறுப்பில் ஒரு புரதம், பம்புசெட்டின் வாஷர் போல, வெயிலில் விரைவில் பழுதாகும். பாசி அதை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். கடல்வாழ் நீலப்பச்சைப் பாசியின் வைரசு ஒன்று, அப்புரதத்துக்கான மரபணுவைத் தானே சுமந்து வருகிறது என்று 2003-இல் நிக்கலஸ் மான் குழுவினர் கண்டனர். மாற்று வாஷரோடு வரும் திருடன்! தன் வேலை முடியும்வரை இயந்திரம் ஓடவேண்டும் அல்லவா?

ஆனால் அதே சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள், நீரில் மிதக்கும் வைரசுகளைச் செயலிழக்கச் செய்கின்றன. ஒளி கதவையும் திறக்கிறது, காவலும் காக்கிறது.

ஆகவே, தொட்டியில் பாசி உரம் வளர்ப்போர் வெயிலும் நீரும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. செழித்த பாசி திடீரென வெளுத்தால், அது நோயாகவும் இருக்கலாம். அந்தத் தொட்டி நீரை அடுத்த தொட்டியில் ஊற்றாதீர்கள்.