முதுகைப் பார்த்து ஆட்டை வை

திருமலை ஹாதிராம் பாவாஜி மடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் சொக்கட்டானில்தான் தொடங்குவார்கள். வடநாட்டிலிருந்து வந்த பைராகி அவர். இரவில் ஏழுமலையானே அவர் குடிலுக்கு வந்து உட்கார்ந்து காய் உருட்டினார் என்பது கதை. ஒருநாள் ஆட்டம் முடிந்து கிளம்பும்போது பெருமாள் தன் ஆரத்தை அங்கேயே விட்டுப் போனார். பாவாஜி மேல் திருட்டுப் பழி விழுந்தது. ஓர் அறை நிறையக் கரும்பைப் போட்டு, விடிவதற்குள் தின்று முடி என்று பூட்டி வைத்தார்கள். பெருமாள் யானையாக வந்து தின்று தீர்த்தார். இந்த மடத்தின் மகந்துகள்தான் 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிர்வகித்தார்கள். கம்பெனி அரசு அவர்கள் கையில் கொடுத்தது. தொண்ணூறு ஆண்டு கழித்துத் தேவஸ்தானம் வந்து வாங்கிக்கொண்டது.

கதையைச் சிறுவயதிலிருந்து கேட்கிறேன். அதில் யாரும் சொல்லாத இடம் ஒன்று உண்டு. முதல் நாள் இரவு யார் யாருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது? பாவாஜி பெருமாளுக்கா, பெருமாள் பாவாஜிக்கா? பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆட்டம் தெரியாத ஒருவரை ஆட்டக்காரராக ஆக்குவது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியம். பழைய விளையாட்டுகளின் வரலாற்றைத் தேடிப் போனால் அந்த இடம்தான் எங்கும் காலியாக இருக்கிறது.

தென்னாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆட்டக் கட்டங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஹம்பியில் இவை நிறைய. ஆடு புலி ஆட்டத்தின் முக்கோணம், பல்லாங்குழிக் குழிகள், தாயக் கட்டம் என்று வகைவகையாக உண்டு. இவற்றின் வயதைச் சொல்வது எளிதல்ல. மண்டபம் எப்போது கட்டப்பட்டது என்பதைக் கல்வெட்டு சொல்லும்; கட்டத்தைக் கீறியவன் கொத்தனாரா, காவல்காரனா, முந்நூறு வருஷம் கழித்து மழைக்கு ஒதுங்கிய யாத்ரீகனா என்பதைக் கல் சொல்லாது. கட்டம் பெரும்பாலும் மண்டபத்துக்குப் பிந்தியதாக இருக்கும் என்று மட்டும் சொல்லலாம். கோடு மட்டும்தான் இருக்கும். எத்தனை காய், யார் முதலில் வைக்க வேண்டும், எப்போது வெற்றி என்று பக்கத்தில் ஒரு வரி கிடையாது. பக்கத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததால் எழுதும் தேவை அவர்களுக்கு வரவில்லை.

எழுதி வைத்தவர்கள் உண்டு. நமக்கு மேற்கே மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார், 1794-ல் பிறந்து 1868 வரை வாழ்ந்தவர், தானே பல பலகை ஆட்டங்களை வகுத்தவர். 'ஸ்ரீதத்துவநிதி' என்ற தன் பெருந்தொகுப்பில் ஒரு பகுதியையே விளையாட்டுகளுக்கு ஒதுக்கினார். இலங்கையில் பார்க்கர் என்பவர் 1909-ல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலில் ஊர் விளையாட்டுகளைக் கட்டத்தோடு பதிவு செய்தார். முர்ரே 1952-ல் சதுரங்கம் தவிர்த்த பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுதினார். அவர்கள் செய்தது பெரிய வேலை. ஆனாலும் விதியைப் படித்து முடித்த ஒரு பிள்ளைக்கு ஆட்டம் வந்துவிடாது. விதி பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆட்டம் கைக்கு வர ஒரு கோடை விடுமுறை வேண்டும்.

எனக்கு ஆடு புலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தது என் நைனா. சித்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு நான்கு கோடுகள் இறங்கும், அது முக்கோணம். அதன் குறுக்கே ஒரு செவ்வகம், அதன் நடுவில் ஒரு கோடு. கோடுகள் முட்டும் இடங்கள் மொத்தம் 23. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்கு உடைந்த ஓட்டுச் சில்லு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. சித்தூர் ஜில்லாவில் புளிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. முதலில் ஆட்டுக்காரர் ஒரு ஆட்டை வைப்பார், பிறகு புலி ஒரு நகர்வு. பதினைந்தும் இறங்கும் வரை ஆடு நகரக் கூடாது. ஆட்டுக்கு நேர் பின்னால் காலி இடம் இருந்தால் புலி அதைத் தாண்டிக் கொல்லும். மூன்று புலியும் அசைய முடியாமல் கட்டிவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

நைனா விதியைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. அவர் சொன்னதெல்லாம், "பின்னாடி பாரும்மா" என்பதுதான். ஒவ்வொரு கொட்டையை வைக்கும்போதும் அதே வார்த்தை. ஆட்டின் முதுகுக்குப் பின்னால் காலியா, இல்லையா? அதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி ஆட்டம் வந்துவிட்டது. பிறகு அவர் மூலைகளைக் காட்டினார். செவ்வகத்தின் நான்கு மூலை, உச்சி, அடிக்கோட்டின் இரு முனை: இந்த ஏழு இடங்களில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் கொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே கோடு முடிந்துவிடுகிறது, தாண்டிக் குதிக்க இடமில்லை. அடிக்கோட்டின் இரு முனையையும் பிடித்துவிட்டு நடுவிலுள்ள இரண்டையும் மூடினால் நான்கு ஆடும் பத்திரம். பக்கவாட்டிலும் அப்படியே. நல்ல புலி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. தானே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து வரிசையை அறுக்கும். அங்கேதான் நிஜமான ஆட்டம் தொடங்குகிறது.

இன்னொன்றும் செய்வார். முழு ஆட்டம் ஆடுவதற்கு முன்னால், முடியப் போகிற ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி வைப்பார். இரண்டு புலி கட்டுண்டிருக்கும், மூன்றாவதற்கு ஒரே ஒரு வழி. "இதை அடை" என்பார். சதுரங்க உலக சாம்பியன் காப்பாபிளாங்காவும், முடிவாட்டத்தை முதலில் படி என்றுதான் வலியுறுத்தினார் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். நைனாவுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

புதியவருக்கு எப்போதும் ஆட்டைத்தான் கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புலியைக் கொடுத்தால் குழந்தை குதிப்பதற்கு இடம் தேடும், இரண்டு ஆட்டைத் தின்றதும் ஆட்டம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். ஆட்டை வைத்துக்கொண்டால்தான் ஒன்றுக்கு ஒன்று காவலாக நிற்பது புரியும். இன்னொரு லாபமும் இருக்கிறது: ஆட்டுப் பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். திண்ணையில் புலிக்கு நைனா ஒருவர். ஆட்டுக்கு நான், என் தங்கை, எதிர்வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள், சில நேரம் தயிர் கொண்டுவந்த அம்மாவும். "வத்து, வத்து, அக்கட வத்து" என்று தெலுங்கில் ஒருத்தி தடுப்பாள், தமிழில் நான் வாதாடுவேன். அவர்களுக்கு அது புலி மேக்கா. ஆட்டம் ஒன்றுதான்.

எங்கள் ஊரின் சரித்திரமே அப்படி. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த ஆண்டு தனி மாவட்டம் ஆனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் உருவானபோது நாங்கள் அந்தப் பக்கம். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. என் பெரியம்மா வீடு திருத்தணியில், அத்தை வீடு வேலூரில். கோடு மாறிக்கொண்டே இருந்தாலும் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் இங்கும் அங்கும் போய்வந்தார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டு விதியும் கொஞ்சம் வேறு. எத்தனை ஆடு போனால் தோல்வி, புலிகள் முதலில் எங்கே நிற்கும் என்பதெல்லாம் ஆட்டத்துக்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவை.

பிறகு திண்ணைகள் போயின. புது வீடுகளில் வழவழப்பான தரை வந்தது. அதில் கோடு போட அம்மாக்கள் விடுவதில்லை. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் நடந்ததுதான்.

அதே காலத்தில் சதுரங்கம் வளர்ந்தது. மானுவல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. தாயிடம் காய் நகர்த்தக் கற்ற ஆனந்த் அங்கே வளர்ந்து 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எங்கள் ஆந்திரத்தில் குடிவாடாவில் பிறந்த கோனேரு ஹம்பிக்கு ஆசான் அவருடைய அப்பா. இரண்டு பேரும் வீட்டில் பெற்றவர்கள் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொடங்கினார்கள். அப்படியானால் ஆடு புலி ஏன் திண்ணையோடு நின்றது?

நான் யோசித்துக் கண்ட காரணம், சதுரங்கத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருக்கிறது என்பதுதான். பெயர் இருந்ததால் நகர்வை எழுத முடிந்தது. எழுத முடிந்ததால் ஒரு தபால் கார்டில் ஒரு நகர்வு என்று நாடு விட்டு நாடு ஆடினார்கள். அதற்கென்றே உலகளவில் 1951-ல் ஒரு கூட்டமைப்பு உண்டானது. இணையம் வந்ததும் தபால் கார்டு இருந்த இடத்தில் திரை வந்து உட்கார்ந்தது, ஆட்டம் மாறவில்லை. 2020-ல் இணையத்திலேயே நடந்த ஒலிம்பியாடில் இந்தியாவும் ரஷ்யாவும் முதல் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஆடு புலியின் 23 புள்ளிக்கு எங்கள் ஊரில் யாரும் பெயர் வைக்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டும் தூரத்தில் எல்லாரும் இருந்ததால் அது வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் மெல்போர்னுக்கும் போன பிறகு, தொட்டுக் காட்ட விரல் எட்டவில்லை.

ஊரடங்குக் காலத்தில் நான் புள்ளிகளுக்கு எண் போட்டேன். உச்சி 1. அடுத்த வரிசை இடமிருந்து வலம் 2 முதல் 7, அதற்கடுத்தது 8 முதல் 13, பிறகு 14 முதல் 19, அடிக்கோடு 20 முதல் 23. புலிகள் 1, 4, 5-ல் தொடங்கும். கொல்ல முடியாத ஏழு இடங்கள் 1, 2, 7, 14, 19, 20, 23. பேரப்பிள்ளைகளுக்கு இதை ஒரு தாளில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திருப்பதியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அட்டையும் புளியங்கொட்டையும். அவர்கள் எண்ணை அனுப்புவார்கள். நான் வைத்துப் படம் எடுத்துப் போடுவேன். நான் புலி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஆடு. ஓர் ஆட்டம் நாள் கணக்கில் ஓடும், ஏனென்றால் ஒருத்தன் விழித்திருக்கும்போது இன்னொருத்தி தூங்குவாள். பிறகு அவர்களுடைய சிநேகிதர்கள் வந்தார்கள், தமிழும் தெலுங்கும் தெரியாத பிள்ளைகள் உட்பட. எண் எல்லாருக்கும் புரிந்தது.

புதியவர்களுக்கு இரண்டு சலுகை, ஒரு நிபந்தனை. புலி குதிக்கும் வரை வைத்த ஆட்டைத் திருப்பி எடுக்கலாம். ஆட்டை எங்கே வைப்பது என்று குழுவில் பேசிக்கொள்ளலாம், நான் படித்தாலும் படிக்காத மாதிரி ஆட வேண்டும். எண்ணோடு காரணத்தையும் சொல்ல வேண்டும். "ஆயா, 10-ல வைக்கிறோம்" என்று மட்டும் வந்தால் நான் வைக்க மாட்டேன். 4-ல் புலி நிற்கிறது, 16 காலி. 10-ல் வைத்தால் அடுத்த நொடி போய்விடும். "ஏன் 10?" என்று கேட்பேன். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி, "ஐயோ, 16 காலியா இருக்கு, அத விட்டுட்டு 20-ல வைங்க" என்பாள். அவள் அன்றைக்கு ஆட்டக்காரி ஆகிவிட்டாள்.

செல்பேசியில் இந்த ஆட்டத்துக்குச் செயலிகள் இருக்கின்றன. கை பழகியவர்கள் அவற்றோடு ஆடிப் பழகலாம். புதியவரை அவற்றிடம் தனியாக விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இயந்திரப் புலி தின்றுகொண்டே போகும், ஏன் தின்றது என்று சொல்லாது. கடிகாரம் வேறு ஓடும். சதுரங்கத்துக்கான லிச்செஸ் தளத்தில் ஆசிரியரும் மாணவர்களும் ஒரே பலகையை இருந்த இடத்திலிருந்து பார்த்துக் காய் நகர்த்தி, அம்புக்குறி போட்டுப் பேச முடிகிறது. ஆடு புலிக்கும் அப்படி ஒரு பலகையை யாராவது கணினி படித்த பிள்ளை செய்து தர வேண்டும். திண்ணையில் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் எங்களில் பாதிப் பேர் பார்த்தே கற்றோம்.

இப்போது குழுவில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டைக் கொல்ல வழி இருந்தால் புலி கட்டாயம் கொல்ல வேண்டுமா, விருப்பப்பட்டால் போதுமா? வேலூர் அத்தை வழிப் பேரன் கட்டாயம் என்கிறான். அவன் வீட்டில் அப்படித்தானாம். கட்டாயம் என்றால் ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியைப் பொறிக்குள் இழுக்கலாம், ஆட்டமே வேறாகிவிடும். சித்தூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாதம் இரண்டு விதியிலும் மாறி மாறி ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கட்டாய விதியில் நேற்று என் இரண்டு புலிகளைக் கட்டிவிட்டார்கள். மூன்றாவது 12-ல் நிற்கிறது, 13 மட்டும் காலி, நகர்வு என்னுடையது.