தோட்டத்துச் செடியும் ஃபிக்ஹும்: கஞ்சாவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1785ஆம் ஆண்டு பாரிஸில் வெளிவந்த தாவரவியல் கலைக்களஞ்சியம் ஒன்றில், லாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் 'கன்னாபிஸ் இண்டிகா' என்ற பெயரை முதன்முதலாக எழுதினார். ஐரோப்பாவில் கயிற்றுக்கும் துணிக்குமாகப் பயிரிடப்பட்டு வந்த செடியினின்றும் இது வேறானது; இதன் பட்டை மெல்லியது, நாருக்கு உதவாது; இதன் ஆற்றல் முழுவதும் மூளையைக் கலக்குவதில்தான் உள்ளது என்பது அவர் கண்ட வேறுபாடு. அவர் ஆராய்ந்த செடியை இந்தியாவிலிருந்து கொண்டு சேர்த்தவர் பியேர் சொன்னரா. 1782இல் வெளியான கீழைநாட்டுப் பயணநூலின் ஆசிரியரான இவர், புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஆக, இன்று உலகெங்கும் வழங்கும் ஓர் அறிவியற் பெயரின் பிறப்பில் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு.

ஆனால் இந்த வேறுபாட்டை முதலில் கண்டவர் லாமார்க் அல்லர். ஐந்து நூற்றாண்டுகளுக்கும் முன்னரே, ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், தமது மருந்துப் பொருட்களின் பேரகராதியில் இச்செடியின் மூன்றாவது வகை ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கின்னப் ஹிந்தீ', அதாவது இந்தியக் கஞ்சா. எகிப்தைத் தவிர வேறெங்கும் தாம் அதைக் கண்டதில்லை என்றும், அங்கே மக்கள் அதைத் தோட்டங்களில் வளர்க்கின்றனர் என்றும், 'ஹஷீஷா' என்பது அதன் வழக்குப் பெயர் என்றும் அவர் எழுதுகிறார். ஃபக்கீர்கள் அதன் இலையை எவ்வாறு பக்குவம் செய்து உண்டனர் என்பதையும், அளவு மீறினால் அறிவு பேதலித்துப் போவதையும் ஒரு மருத்துவரின் நிதானத்தோடு பதிவு செய்கிறார். ஐரோப்பியத் தாவரவியல் வரலாறுகள் பெரும்பாலும் லாமார்க்கிலிருந்தே கதையைத் தொடங்குவது, நமக்குப் பழகிப்போன மறதிகளுள் ஒன்று.

'தோட்டங்களில் வளர்க்கின்றனர்' என்னும் அச்சிறு குறிப்பே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். கஞ்சாவை மதுவினின்றும் பிரித்துக் காட்டுவது இதுதான். மது வடிக்கப் பாத்திரமும் நாட்களும் விற்பனையாளனும் வேண்டும். இதற்கோ வீட்டுப் புறக்கடையில் ஒரு சாண் மண் போதும். இதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் அன்றைய உலமாக்கள் பட்ட சிரமத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்பழக்கம் முஸ்லிம் நாடுகளில் பரவிய காலத்தைப் பொறுத்தவரை, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியையும் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் இமாம் இப்னு தைமிய்யா (மறைவு ஹி. 728) சுட்டுகிறார்; தாத்தாரியரின் எழுச்சியோடு அதைத் தொடர்புபடுத்துகிறார். இன்னொரு மரபு, குராசானில் நைஸாபூருக்கு அண்மையில் வாழ்ந்த ஷைகு ஹைதர் என்பவரை இதன் கண்டுபிடிப்பாளராக்குகிறது. கடும் வெயிலிலும் அசைந்தாடிய ஒரு செடியை அவர் கண்டாராம், தின்றாராம், தம் சீடர்களிடம் இரகசியமாக ஒப்படைத்தாராம். இக்கதையை மக்ரீஸீ (மறைவு ஹி. 845) தமது கித்தத்தில் எடுத்தெழுதுகிறார். இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு கெட்ட வழக்கத்துக்கு ஒரு பெரியாரின் பெயரைச் சூட்டி மரியாதை தேடுவது எக்காலத்தும் நடப்பதுதான். அதே மக்ரீஸீ, கெய்ரோவின் அர்ளுத் தப்பாலா பகுதியில் இது வெளிப்படையாக விற்கப்பட்டதையும், அமீர் ஸூதூன் ஷைகூனீ ஹி. 780ஐ ஒட்டி அச்செடிகளைப் பிடுங்கி அழித்ததையும், உண்டவர்களின் பற்களைப் பிடுங்கச் செய்ததையும், அவ்வளவு கடுமைக்குப் பின்னரும் சில பத்தாண்டுகளில் அது முன்னினும் பெருகியதையும் வருத்தத்தோடு கூறுகிறார்.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். குர்ஆனிலோ ஹதீஸிலோ பெயர் குறிக்கப்படாத ஒரு பொருள் இது. நான்கு இமாம்களும் இதைப் பற்றி எதுவும் கூறிச் செல்லவில்லை. 'பெயர் சொல்லித் தடுக்கப்படவில்லையே. இது வெறும் செடிதானே. அல்லாஹ் முளைக்க வைத்ததுதானே' என்ற வாதத்தை இன்றைய இளைஞர் சிலர் புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசக் கேட்கிறோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவின் தெருக்களில் தேய்ந்துபோன வாதம் அது. அறிஞர்கள் அதை ஒதுக்கித் தள்ளவுமில்லை. மாறாக, வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பிரித்துப் பார்த்தனர். எகிப்தின் மாலிக்கீ அறிஞர் கராஃபீ (மறைவு ஹி. 684) மூன்று நிலைகளை வேறுபடுத்தினார்: புலன்களை அடக்கித் தூங்க வைப்பது, களிப்பூட்டி மயக்குவது, அறிவைக் கெடுப்பது. ஹஷீஷ் மூன்றாவதைச் சாரும் என்றும், எனவே மதுவுக்குரிய ஹத்துத் தண்டனை இதற்கில்லை, தஃஸீர் மட்டுமே உண்டு என்றும் அவர் முடிவு செய்தார். இப்னு தைமிய்யாவோ, இதுவும் மதுவைப் போன்றதே, ஹத்தும் உண்டு, நஜீஸும் ஆகும் என்றார். தமிழகத்து முஸ்லிம்களில் பெருந்தொகையினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. உண்பது ஹராம், ஆனால் செடி நஜீஸ் அன்று. ஹத்து இல்லை; தஃஸீர் உண்டு. அழுகிய உறுப்பை அறுத்தெடுக்க வேண்டிய நிலையில் நோயாளிக்கு மயக்கந்தரும் தாவர மருந்தைக் கொடுப்பதற்கு அம்மத்ஹபின் நூல்கள் இடமளிக்கின்றன. ஹி. 794இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷீ இவ்விவாதம் அனைத்தையும் தொகுத்துத் தனி நூலே எழுதினார். கீழைத்தேய ஆய்வாளர் ஃபிரான்ஸ் ரோசந்தால் 1971இல் வெளியிட்ட ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்த நூல்களுள் அதுவும் ஒன்று.

செடி வேறு, செயல் வேறு என்னும் இப்பகுப்பு வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. இதே இனத்துச் செடியின் நாரிலிருந்து கயிறும் கப்பற்பாயும் மட்டுமல்ல, காகிதமும் செய்யப்பட்டது. வட ஆப்பிரிக்க இளவரசர் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டு நூலொன்று, 'கின்னப்' நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, இடித்து, சலித்துக் காகிதம் ஆக்கும் முறையை விவரிக்கிறது. செடியே நஜீஸ் என்றிருந்தால் அக்காகிதங்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

செடியின் இயல்பைப் பற்றியும் ஒரு சொல். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக வளரும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தது கஞ்சா. பேரீச்சையும் அத்தகையதே. மதீனாவாசிகள் ஆண் பேரீச்சையின் பூந்தாதைப் பெண் மரத்தில் இட்டுச் சேர்ப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ட நிகழ்ச்சியும், அதை விட்டபோது விளைச்சல் குன்றியதும், உலகியல் தொழில்களில் அவரவர் அறிவையே சார்ந்திருக்கலாம் என்று அண்ணலார் தெளிவுபடுத்தியதும் முஸ்லிமின் ஸஹீஹில் இடம்பெற்றுள்ளன. தாவரங்களின் பால் வேறுபாட்டை ஐரோப்பாவில் காமெராரியுஸ் 1694இல் சோதனை வழியே நிறுவ முற்பட்டபோது, அவர் தேர்ந்த செடிகளுள் கஞ்சா இனமும் இருந்தது. அதற்கு முன்னர் ஐரோப்பிய உழவர்கள் விதை தாங்கும் வலிய செடியை ஆணென்றும், மெலிந்த தாதுச் செடியைப் பெண்ணென்றும் தலைகீழாகவே அழைத்து வந்தனர்.

பேரீச்சை உழவனுக்கும் கஞ்சா உழவனுக்கும் உள்ள வேறுபாடு விசித்திரமானது. முன்னவன் மகரந்தத்தைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பான். பின்னவன் அதை விரட்டுவான். ஏனெனில், கருவுறாத பெண் பூவில்தான் பிசின் மிகும். கருவுற்றால் செடியின் வலிமை விதைக்குப் போய்விடும். வங்காளத்தில் ராஜ்ஷாஹி மாவட்டத்து நவ்காவ்ன் வட்டாரத்தில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருந்தது. 'பொத்தார்' எனப்பட்ட நிபுணர், செடிகள் பூக்கத் தொடங்கும் நவம்பர் மாதத்தில் வயல் வயலாகச் சென்று ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றச் செய்வார். 1877இல் ஹேம் சந்தர் கெர் அளித்த அரசறிக்கையும், 1893இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் டேவிட் பிரெயின் அளித்த அறிக்கையும் இதை விரித்துரைக்கின்றன. மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு செல்லும். ஒருவன் வயலில் தவறவிட்ட ஒரு செடி அக்கம்பக்கத்து வயல்களையெல்லாம் விதையாக்கிவிடும். 'என் நிலம், என் செடி' என்ற பேச்சு அங்கே செல்லாது.

நவ்காவ்ன், முஸ்லிம் விவசாயிகள் பெரும்பான்மையாக வாழ்ந்த வட்டாரம். 1917இல் அங்கே கஞ்சா பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதன் வருவாய் பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் கூடச் சென்றது. உண்பது ஹராமான ஒன்றை, உண்ணாத ஒருவன், அரசின் உரிமம் பெற்று, பிறர்க்கு விளைவித்துப் பெற்ற பணம் எத்தகையது? இக்கேள்வியே கெய்ரோவின் ஃபுகஹாக்கள் விட்டுச் சென்ற விவாதத்தைவிடக் கடினமானது என்பது என் கருத்து. 1980களின் இறுதியில் பங்களாதேஷ் அச்சாகுபடியை நிறுத்தும் வரை அது தொடர்ந்தது.

ஆங்கில அரசின் நோக்கு முற்றிலும் வேறு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் எழுப்பிய கேள்வியையொட்டி 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, 1,193 சாட்சிகளை விசாரித்து மறு ஆண்டே அறிக்கை தந்தது. ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். முஸ்லிம் ஒருவரும் இல்லை. ஆயினும் அக்குழுவின் நேர்மையைக் குறை கூற இயலாது. மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளில் 'கஞ்சா' என்று காரணம் எழுதப்பட்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் துருவி, பலவும் ஆதாரமற்ற ஊகங்கள் என்று காட்டியது. அளவோடு கொள்வதால் பொதுவாகப் பெருந்தீங்கில்லை, மிகையே கேடு என்று முடிவு கூறி, முழுத் தடையைப் பரிந்துரைக்காமல் வரியையும் கட்டுப்பாட்டையும் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்திலும் வட ஆர்க்காட்டிலும் நடந்த வயற்சாகுபடியைக் காட்டிலும், வீட்டுப் புறக்கடைகளில் ஒன்றிரண்டாக வளர்ந்த செடிகளே அதன் கண்ணை உறுத்தின. காரணம் ஒழுக்கமன்று, வருவாய். புறக்கடைச் செடிக்கு வரி விதிக்க முடியாது. சாகுபடியை உரிமம் பெற்ற சில வட்டாரங்களுக்குள் அடைக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரையை இப்பின்னணியில் காண வேண்டும்.

எல்லைகள் இக்கட்டுப்பாட்டை எவ்வளவு சிக்கலாக்கும் என்பதற்குப் புதுச்சேரி வட்டாரமே சான்று. கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டித் தவளக்குப்பம் வழியாகத் தெற்கே செல்பவர், சிறிது தொலைவுக்குள் புதுச்சேரி நிலத்தையும் தமிழக நிலத்தையும் மாறி மாறிக் கடக்கிறார். 1947 வரை அவை பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆட்சிகளின் எல்லைகளாகவும், அதன்பின் 1954 வரை பிரெஞ்சு, இந்திய ஆட்சிகளின் எல்லைகளாகவும், பின்னர் பிரெஞ்சிந்திய, இந்திய ஒப்பந்தம் 1962இல் முழுமை பெறும் வரை இரு சட்ட மரபுகளின் எல்லைகளாகவும் இருந்தன. மதுவின் விலையில் அவ்வெல்லை இன்றும் புலப்படும். கஞ்சாவில் மட்டும் அது அழிந்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் அளித்திருந்தது. அதை நிறைவேற்றும் வகையில் இந்தியா இயற்றிய போதைப்பொருள் சட்டம் 1985 நவம்பர் 14இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கஞ்சாவின் வரையறையிலிருந்து விதையையும் தனி இலையையும் அது விலக்கியது; பங்கி இன்றும் சில மாநிலங்களில் விற்கப்படுவது இதனால்தான். 2018இல் உத்தராகண்ட் நாருக்காக இதைப் பயிரிட உரிமம் வழங்கியதும் அச்சட்டத்தின் இன்னொரு பிரிவு தந்த இடத்தால்தான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தபோது இந்தியாவும் ஆதரித்தது. உள்நாட்டுச் சட்டம் அதனால் மாறவில்லை.

விதைக்கும் இலைக்கும் சலுகை காட்டிய அச்சட்டம் வளர்ப்பவனுக்குக் காட்டவில்லை. உரிமமின்றிப் பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது அதன் 20ஆம் பிரிவு. வைத்திருந்த பொருளின் எடைக்கேற்பத் தண்டனை கூடிக் குறைவது போன்ற படிநிலை இதற்கில்லை. மாடித் தொட்டியில் நிற்பது ஆண் செடியா, பெண் செடியா, பிசின் கட்டியதா, விதை பிடித்ததா என்றும் அது கேட்பதில்லை.